ஆறு நிமிஷ டாக்டரும் மெத்தைக்கடை பாயும்

அறுவை சிகிச்சைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பெரிய சமாச்சாரங்கள். ஈரலில் கத்தி வைப்பது எப்படி, குடலை ஒட்டுவது எப்படி, ரத்தம் பீறிட்டால் கை நடுங்காமல் இருப்பது எப்படி. ஆசனவாயில் அரை அங்குலத்துக்கு வரும் வெடிப்பைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நாளை காலை உங்கள் அறை வாசலில் காத்திருப்பவர்களில் ஈரல்காரர் ஒருவரும் இருக்க மாட்டார். வெடிப்புக்காரர் கட்டாயம் இருப்பார். அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். பெஞ்சு காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே இருப்பார்.

வந்தவர் வெடிப்பு என்று சொல்ல மாட்டார். 'மூலம்' என்பார். எங்கள் பக்கத்தில் இடுப்புக்குக் கீழே பின்புறம் எது வந்தாலும் மூலம்தான். பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்துப் பொடி வாங்கித் தின்று, மூலத்துக்கென்று விற்கும் மோதிரம் போட்டு, கோழிக்கறி சூடு என்று அதை நிறுத்தி, கடைசியில்தான் நம்மிடம் வருவார். அதற்குள் பல மாதம் ஓடியிருக்கும். வலி எப்படி என்று கேட்டால் பிளேடால் கிழிப்பதுபோல என்பார்கள். நூறு பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எல்லோரும் பிளேடைத்தான் சொன்னார்கள். கக்கூஸ் போய்விட்டு வந்த பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் எரியும். அந்தப் பயத்தில் அடுத்த நாள் அடக்குவார்கள். அடக்கினால் இறுகும். இறுகியது வெளியே வரும்போது ஆறத் தொடங்கிய புண்ணை மறுபடி கிழிக்கும். கிழிந்த வலியில் உள்சுருக்குத் தசை விறைத்துக்கொள்ளும். விறைத்த தசைக்குள் ரத்த ஓட்டம் குறையும், புண் ஆறாது. நோய் இவ்வளவுதான்.

இதற்கு நான் வைத்திருந்த வைத்தியம் கத்தி. அந்த உள்சுருக்குத் தசையில் ஒரு சிறு பகுதியைப் பக்கவாட்டில் வெட்டிவிட்டால் இறுக்கம் தளரும், ரத்தம் ஓடும், புண் தானாக ஆறும். நல்ல ஆபரேஷன். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. கையை அலம்பிக்கொண்டு வந்து கத்தி எடுத்தால் ஆறு நிமிஷத்தில் முடித்துவிடுவேன். 'ஆறு நிமிஷ டாக்டர்' என்று எனக்கு ஒரு பெயரே இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது என்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெயர் வளர்வதற்கு ஏற்ற மண் எங்களுடையது. போர்க்குழாய் தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் வடநாட்டுக்குக் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது வருவார். நாமக்கல் லாரி டிரைவர் லோடு ஏற்றிவிட்டு வருவார். பள்ளிபாளையத்துத் தறிக்காரர் ஷிப்ட் மாற்றிவிட்டு வருவார். எட்டு வாரம் களிம்பு போடுங்கள் என்று சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். வெட்டி முடித்து அனுப்பு என்பதுதான் அவர்கள் கேட்டது. அதற்கு நானும் தோதாக இருந்தேன்.

அந்த ஆபரேஷனில் ஒரு பின்விளைவு உண்டு. படித்திருப்பீர்கள். சிலருக்குக் காற்றை அடக்கும் பிடி கொஞ்சம் தளர்ந்துவிடும். பலருக்குக் கொஞ்ச நாளில் சரியாகும், சிலருக்கு ஆகாது. இதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நானும் சொல்லாமல் இருந்ததில்லை. எப்படிச் சொன்னேன் என்பதுதான் விஷயம். பேனாவை நீட்டிக்கொண்டே, "கொஞ்சம் காத்து பிரியும், அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு லாரி டிரைவர், பெயர் பழனிசாமி, கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "பக்கத்து சீட்டுல குந்தியிருக்கறவன் பாடுதானுங்க பாவம்" என்றார். அன்று ஆபரேஷன் தியேட்டரில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவார்.

இப்போது காதர் பாய்க்கு வருகிறேன்.

ராசிபுரத்தில் மெத்தைக் கடை வைத்திருந்தவர். இலவம் பஞ்சு மெத்தை, தலையணை, கல்யாணச் சீர் மெத்தை. ஐம்பத்திரண்டு வயது, ஒடிசலான உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மனைவியோடு வந்தார். அந்த அம்மா உட்கார்ந்தார், இவர் நின்றார். ஊரெல்லாம் சுகமாகப் படுக்க மெத்தை தைத்துக் கொடுக்கிறவர் எதன்மேலும் உட்கார முடியாமல் எட்டு மாதமாக நிற்கிறார் என்று அந்த அம்மா சொன்னபோது, அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவசரமில்லாமல் பார்த்தேன். இரண்டு விரலால் மெல்ல விலக்கினாலே வெடிப்பு தெரிந்தது. நடுக்கோட்டில், பின்பக்கம், ஓரம் தடித்து, வெளியே ஒரு சிறு தோல் மடிப்போடு. நாள்பட்டது, போகும்போது ரத்தமும் வருகிறதாம். விரலை உள்ளே விடவில்லை. இதை உங்களுக்காகத்தான் சொல்கிறேன்: கண்ணில் பட்ட பிறகும் விரல் விட்டு உறுதி செய்துகொள்கிறவன், வலி என்றால் என்ன என்று தெரியாதவன். வெடிப்பு நடுக்கோட்டை விட்டுப் பக்கத்தில் இருந்தால் மட்டும் நில்லுங்கள். அங்கே காசநோயோ, குடல் அழற்சியோ, வேறு எதுவோ ஒளிந்திருக்கலாம். அவருக்கு அப்படி இல்லை. பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல இருந்தது.

நோன்பு தொடங்க ஐந்து வாரம் இருந்தது. "நோன்புக்கு முன்னால நிக்கற மாதிரி பண்ணிக் கொடுத்துருங்க டாக்டர்" என்றார். பட்டினி கிடக்கும் மாதத்தில் வலியில்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்டேன். 'நிற்க' என்று ஏன் சொன்னார் என்று கேட்கவில்லை. வியாழக்கிழமை முதல் கேஸாகப் போட்டேன். பேனாவை நீட்டி என் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, கூச்சப்படுகிறார் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளே, என் தப்பு தியேட்டரில் நடந்ததில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே நடந்து முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை மூன்று கேஸ். நான் கையை அலம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தியேட்டர் சிஸ்டர் உள்ளேயிருந்து வந்தார். குமாரபாளையத்துத் தறிக்காரக் குடும்பம். இருபது வருடமாக எனக்குக் கத்தி எடுத்துக் கொடுத்தவர். தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். முதல் கேஸ் பாய் பாத்ரூமில் கை கால் முகமெல்லாம் கழுவிக்கொண்டு, சுத்தமாகத்தான் மேஜையில் ஏறுவேன் என்று சொல்லி அப்படியே ஏறிப் படுத்திருக்கிறார் என்றார். மூன்று தடவை ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாராம்.

"என்னமோ கேக்கோணும்ங்கறாருங்க சார். உங்ககிட்டத்தான் கேக்கோணுமாம். ஊசி போடறதுக்கு முன்னால போய்க் கேட்டுருங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. மயக்க மருந்து டாக்டர் முதுகுத் தண்டில் போடும் ஊசியை எடுத்து வைத்தாகிவிட்டது. வெளியே இன்னும் இரண்டு பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள். ஈரக்கையை உயர்த்திப் பிடித்தபடி உள்ளே போய், என்ன பாய், பயமா என்றேன். பயமில்லை என்றார். அன்றைக்குக் காற்று பிரியும் என்றீர்களே, அது நாமாக நினைத்தால் அடக்க முடிகிற மாதிரியா, முடியாத மாதிரியா என்று கேட்டார். மயக்க மருந்து டாக்டர் முகமூடிக்குள் சிரித்தார். நான், இந்த வயதில் யாருக்குத்தான் பிரியாது என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக நிதானமாகச் சொன்னார்.

"காத்து பிரிஞ்சா ஒளு முறிஞ்சிரும்ங்க டாக்டர். ஒளு இல்லாமத் தொழக் கூடாது. எனக்கு மட்டும்னா பரவாயில்லைங்க, அடக்க முடியாதவனுக்கு மார்க்கத்துல சலுகை இருக்குது. ஆனா அந்தச் சலுகைல இருக்கறவன் மத்தவங்களுக்கு முன்னால நின்னு தொழ வைக்கக் கூடாதுங்க. எனக்குப் பின்னால எரநூறு பேரு நிக்கறாங்க."

ஒளு என்பது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் செய்துகொள்ளும் சுத்தம். இவர் குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாகத் தெரிந்தவர். நோன்பு மாதம் முழுக்க, தினமும் ராத்திரி பள்ளிவாசலில் நடக்கும் நீண்ட தொழுகையில் முன்னால் நின்று அதை ஓதி, மாத முடிவுக்குள் முழுவதையும் முடிப்பவர். இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்கிறார். சம்பளம் இல்லை, சன்மானம் இல்லை. மெத்தைக் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு அந்த மாதம் முழுக்க இதற்காகவே இருப்பார். இதையெல்லாம் நான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். தானாக ஒன்றும் சொல்லவில்லை.

"அன்னைக்கு ரூம்லயே சொல்லியிருக்கலாமே பாய்" என்றேன்.

"ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க. அதுக்கு மேல எப்படிக் கேக்கறதுன்னு தெரியலைங்க."

அந்த நிமிஷத்தில் எனக்கு முன்னால் ஒரு சுலபமான பதில் இருந்தது. 'நூற்றில் ஏதோ சிலருக்குத்தான் வரும், உங்களுக்கு வராது' என்று சொல்லலாம். சொல்லியிருந்தால் அவர் தலையாட்டியிருப்பார், ஆறாவது நிமிஷம் நான் அடுத்த கேஸுக்குக் கையை அலம்பப் போயிருப்பேன். ஆனால் வாயைத் திறந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். என் கத்தியில் என்ன ஆகிறது என்பது எனக்குத் தெரியாது. நான் வெட்டி அனுப்பியவர்களில் ஒருவரிடமும் அதை நான் கேட்டதே இல்லை. புண் ஆறிவிட்டதா என்று கேட்பேன். ஆறிவிட்டது என்பார்கள். வலி போனதா, போய்விட்டது. அதோடு சரி. காற்றை அடக்க முடிகிறதா என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. அவர்களுக்கும் சொல்ல வாய் வந்திருக்காது. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை வருடமும் 'ஒண்ணுமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று எனக்கு வந்த கோபம் முழுக்க என்மேல்தான்.

ஊசியைப் போடலாமா சார் என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு சிஸ்டர் டிரேயை மூடினார். பாயை எழுப்பி உட்கார வைக்கப் போனேன், அப்புறம் ஞாபகம் வந்து நிற்கச் சொன்னேன். ரெண்டே வாரத்தில் அழுதுகொண்டு திரும்பி வருவார் பாருங்கள் என்று மயக்க மருந்து டாக்டர் என் காதில் சொன்னார். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். அதனால்தான் பாயிடம் பூசி மெழுகாமல் பேசினேன். களிம்பு போட்டால் இறுக்கம் தளரலாம், ஆறு வாரம் எட்டு வாரம் ஆகும், ஆறாமலும் போகலாம், நோன்புக்குள் முழுக்க ஆறும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன் என்றேன். அதுவே போதும் என்றார்.

களிம்பு டில்டியாசம். ஒரு பட்டாணி அளவு, காலையும் ராத்திரியும், ஓரத்தில் தடவ வேண்டும். கக்கூஸ் போய்விட்டு வந்ததும் ஒரு டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். படுக்கப் போகும்போது மலம் இளக இசப்கோல் உமி, அதற்கு மேல் இரண்டு டம்ளர் தண்ணீர். கீரை, கொய்யா, பப்பாளி. முக்கக் கூடாது, கக்கூஸில் உட்கார்ந்து போன் பார்க்கக் கூடாது. எழுதிக் கொடுத்து, பத்தாம் நாள் வரச் சொன்னேன். மயக்க மருந்து டாக்டர் சொன்னபடியே பத்தாம் நாள் அப்படியேதான் வந்தார். வலி இம்மியும் குறையவில்லை. நோன்புக்கு மூன்று வாரம் சொச்சம் இருந்தது.

இந்த இடத்தில் உங்களில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்வீர்கள். மருந்தை மாற்றுவீர்கள், இல்லை கத்தியை எடுப்பீர்கள். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் ஒரு முறை அடிபட்டிருந்தேன், அதனால் கேட்டேன். காலையில் எழுந்தது முதல் படுக்கும் வரை என்ன செய்கிறீர்கள் என்று மணிவாரியாகச் சொல்லுங்கள் என்றேன். களிம்பு தவறவில்லை, தண்ணீர் தவறவில்லை, கீரை தவறவில்லை என்று வரிசையாகச் சொன்னார். பொய் சொல்கிற ஆள் இல்லை. எங்கே உடைகிறது என்று தெரியாமல் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வாயைத் திறந்தார்.

"ஓதறதைச் சொல்லலியே நீங்க."

நோன்பு நெருங்கினால் அவர் மனப்பாடத்தைப் புதுப்பிக்க உட்காருவாராம். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் குர்ஆனைக் கையில் எடுத்தால் ஒன்பது மணிக்குக் கடை திறக்கும் வரை. மறுபடி சாயங்காலம். அந்த வேதத்தைக் கையில் எடுக்க ஒளு வேண்டும். வயிறு கூப்பிட்டு எழுந்து போனால் ஒளு போய்விடும், போய்விட்டு வந்தால் ஒரு மணி நேரம் எரிச்சல் வேறு, ஓதுவது தடைப்படும். அதனால் அடக்கிக்கொள்வார். காலையில் வயிறு தானாகக் கூப்பிடுகிற அந்த ஒரு நேரத்தை இருபத்திரண்டு வருடமாக, ஒவ்வொரு நோன்புக்கு முன்னும், அவர் அடக்கிக்கொண்டே வந்திருக்கிறார். கடை திறந்து, நெருக்கிப் பிடித்து, பதினோரு மணிக்குப் போகும்போது அது கல்லாகியிருக்கும். நான் கொடுத்த கீரையும் இசப்கோலும் என்ன பண்ணும்?

பிடி தளர்ந்துவிடக் கூடாதே என்று ஆபரேஷன் மேஜையில் பயந்த மனிதர், அந்தப் பிடியை வைத்துத்தான் புண்ணை ஆறவிடாமல் வைத்திருந்தார். எனக்கு இதை எப்படி அவரிடம் எடுத்துச் சொல்வது என்று தெரியவில்லை. ஓதுவதை நிறுத்துங்கள் என்று சொல்ல நான் யார்? அந்த அம்மாவுக்கு அந்தத் தயக்கம் ஒன்றும் இல்லை.

"மதரஸாப் பிள்ளைகளுக்கு நீங்கதானே சொல்லிக் கொடுக்கறீங்க, அடக்கிக்கிட்டுத் தொழக் கூடாது, போயிட்டு வந்துதான் தொழோணும்னு. ஊட்டுல மட்டும் அந்தப் பாடம் கெடையாதுங்களா?"

காதர் பாய் சிரித்தார். நான் பார்க்க அவர் சிரித்தது அப்போதுதான். சிரிப்பை அடக்கவும் முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார். நானும் சேர்ந்துகொண்டேன்.

அன்று முதல் ஒரே ஒரு விதி. கூப்பிட்டால் போக வேண்டும். ஓதிக்கொண்டிருந்தாலும், மெத்தைக்கு விலை பேசிக்கொண்டிருந்தாலும், எதிரே கலெக்டரே உட்கார்ந்திருந்தாலும். போய்விட்டு வந்து டப்பில் உட்கார்ந்து, மறுபடி ஒளு செய்து, மறுபடி ஓத வேண்டும். ஓத ஆரம்பிக்கும் முன் இரண்டு டம்ளர் வெந்நீர் குடித்தால் வயிறு சீக்கிரமே கூப்பிட்டுவிடும், அப்புறம் நிம்மதியாக ஓதலாம் என்று அந்த அம்மாவே ஒரு வழியும் கண்டுபிடித்தார். அடுத்த வாரம் வந்தபோது எரிச்சல் அரை மணி நேரத்தில் அடங்கியது. அதற்கு அடுத்த வாரம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

நோன்புக்கு நாலு நாள் முன்னால் தனியாக வந்தார். அடுத்த கவலை தண்ணீர். விடிந்ததிலிருந்து சூரியன் சாயும் வரை ஒரு சொட்டு கிடையாது. நோயாளிக்கு நோன்பை ஒத்திப்போட அனுமதி உண்டு என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "டாக்டரா மட்டும் சொல்லுங்க. முடியுமா, முடியாதா?" என்றார். நானும் டாக்டராக மட்டும் சொன்னேன். சாயங்காலம் நோன்பு திறந்ததிலிருந்து விடியலில் மறுபடி வைக்கும் வரை மணிக்கொரு டம்ளர் போனால் முடியும். நோன்புக் கஞ்சி தாராளமாக, பஜ்ஜி சமோசா கிட்டவே போகக் கூடாது. இசப்கோலைத் தண்ணீர் இல்லாமல் தின்றால் அதுவே அடைத்துக்கொள்ளும், ஜாக்கிரதை. களிம்பை நோன்பு நேரத்தில் தடவலாமா என்பது என் வேலை இல்லை, அதை உங்கள் பெரியவர்களிடம் கேளுங்கள் என்றேன். அவர் முன்பே கேட்டிருந்தார். நோன்பு திறந்த பிறகு ஒன்று, வைப்பதற்கு முன் ஒன்று என்று வைத்துக்கொண்டார். மறுபடி ரத்தம் வந்தால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டேன். கையடித்துக் கொடுத்தார்.

அந்த மாதம் முழுக்க எனக்கு அவர் நினைப்பாகவே இருந்தது. ராத்திரி வேலை முடித்துக் கிளம்பும்போது, இந்நேரம் முன்னால் நின்றிருப்பார் என்று சிஸ்டரிடம் சொல்வேன். சிஸ்டர், "நிப்பாருங்க சார்" என்று மட்டும் சொல்வார்.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் வந்தார். கதவைத் திறந்துகொண்டு வந்து, நான் சொல்வதற்கு முன்பே நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தார். மாதம் முழுக்க நின்று ஓதி முடித்துவிட்டார். ஒரே ஒரு நாள், பதினோராம் நாள், வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் கட்டாயத்தில் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு வலி வந்து, இன்னொருவரை முன்னால் நிற்க வைத்துவிட்டுத் தான் பின்வரிசையில் நின்றாராம். அதைச் சொல்லும்போது, தப்புச் செய்த பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டார். பார்த்தேன். புண் ஆறியிருந்தது. இன்னும் சில வாரம் கழித்து, வலி சுத்தமாக இல்லாதபோது, உள்ளே குழாய் விட்டும் பார்த்துவிட்டேன். இந்த வயதில் ரத்தம் போனவரை வெடிப்புதான் என்று விட்டுவிடக் கூடாது. வேறு ஒன்றும் இல்லை. நல்லபடியாக முடிந்தது என்று அன்று எனக்கு ஒரே சந்தோஷம். கையைக் கொடுத்து அனுப்பப் போனேன்.

வாசலுக்குப் போனவர் திரும்பி நின்றார்.

"என்னை வெட்டாம விட்டுட்டீங்க. எனக்கு முன்னால வெட்டுனவங்க எல்லாம் எப்படி இருக்காங்க டாக்டர்?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவர் போன பிறகு பழைய கேஸ் ஷீட்டுகளை எடுக்கச் சொன்னேன். சிஸ்டர் ஏற்கெனவே ஒரு கட்டு எடுத்து வைத்திருந்தார். பாய் கேட்டது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. ஒவ்வொருவராகப் போன் போட்டேன், முடிந்தவர்களை வரச் சொன்னேன். தப்பாக நினைக்காதீர்கள், நான் கத்தியைத் தூக்கி எறியவில்லை. அதற்குப் பிறகும் ஓய்வு பெறும் வரை அந்த ஆபரேஷனைச் செய்தேன், தேவைப்பட்டவர்களுக்கு, களிம்புக்கு அடங்காதவர்களுக்கு, என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே யார் முன்னால் நிற்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு. போன் எடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நன்றாகத்தான் இருந்தார்கள். இதற்குப் போய்ப் போன் போட்டீர்களா என்று சிரித்தார்கள். மீதிப் பேர் இதைப் போனில் பேச விரும்பவில்லை. நேரில் வருவதாகச் சொன்னார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் பழனிசாமி. பக்கத்து சீட்டுக்காரனுக்காகப் பாவப்பட்டுக் கையெழுத்துப் போட்ட லாரி டிரைவர். வெட்டி மூன்று வருடம் ஆகியிருந்தது. புண் அருமையாக ஆறியிருந்தது. இப்போதெல்லாம் தனியாகத்தான் வண்டி ஓட்டுகிறாராம், பக்கத்தில் யாரையும் ஏற்றிக்கொள்வதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் மொய் வைத்துவிட்டுப் பந்தியில் உட்காராமல் வந்துவிடுவார். குலசாமி கோயிலில் இவர்கள் பங்காளிகளில் மூத்தவர்தான் முன்னால் நின்று தேங்காய் உடைக்க வேண்டும். அந்த முறை இவருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடமும் லோடு இருக்கிறது என்று சொல்லித் தம்பியை அனுப்பியிருக்கிறார். வீட்டில்கூட ஏன் என்று சொல்லவில்லை.

இதற்குச் செய்ய வேண்டியதெல்லாம் இருக்கிறது. பயிற்சி இருக்கிறது, சாப்பாட்டில் மாற்றம் இருக்கிறது, பலருக்குப் பிடி திரும்புகிறது. மூன்று வருடத்துக்கு முன்பே வந்திருக்கலாம். ஏன் பழனிசாமி, என்னிடம் வந்து சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவர் கையில் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை.

"ஒண்ணுமில்லைன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. ஒண்ணுமில்லாததை எப்படிங்க வந்து சொல்றது?"

சிஸ்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நான் பழனிசாமியை உட்காரச் சொல்லி, புதிதாக ஒரு தாள் எடுத்து, அவர் பெயரை எழுதினேன்.